பார்த்தவர் சொல்லலாமா, சொல்லியே ஆக வேண்டுமா? குடும்ப வன்முறை, குழந்தை வன்கொடுமை புகார்களுக்கான விதிகள்

பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டால் நம் வீட்டு டிவியின் சத்தம் கொஞ்சம் கூடும். மறுநாள் காலை மாடிப்படியில் அந்தப் பெண் எதிர்ப்பட்டால், கன்னத்து வீக்கம் கண்ணில் படாதது போல, "தண்ணீர் லாரி வந்துவிட்டதா?" என்று கேட்டுவிட்டு நகர்வோம். கல்நெஞ்சம் என்று இதைச் சொல்ல மாட்டேன். பயம்தான். போலீஸ், கோர்ட், சாட்சிக்கூண்டு, வக்கீலின் குறுக்கு விசாரணை, எல்லாவற்றுக்கும் மேலாக "உனக்கு எதற்கு வீண் வம்பு?" என்ற வீட்டாரின் கேள்வி.

இந்தப் பயத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் இரண்டு சட்டங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்று, பார்த்தவர் சொல்லலாம் என்கிறது. மற்றது, சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. துன்பப்படுவது வயது வந்த பெண்ணா, பாலியல் கொடுமைக்கு ஆளாகும் 18 வயது நிறையாத குழந்தையா என்பதைப் பொறுத்து எந்தச் சட்டம் என்பது அமைகிறது. இது தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பெண்ணுக்கு: சொல்லலாம்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 4-ஆம் பிரிவு பலருக்குத் தெரியாது. ஒரு வீட்டில் வன்முறை நடந்தது, நடக்கிறது, அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் தரலாம். எவரும் என்றால் உறவினர் மட்டுமல்ல. வீட்டு வேலைக்கு வருபவர், வீட்டு உரிமையாளர், உடன் வேலை பார்ப்பவர், வாசலில் பூ விற்கும் அம்மா எல்லோரும்தான். கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வா என்றும் சட்டம் கேட்கவில்லை. நல்லெண்ணத்தோடு சொன்ன தகவலுக்காக, சொன்னவர் மீது சிவில் பொறுப்போ குற்றப் பொறுப்போ சுமத்த முடியாது என்று அதே பிரிவு உறுதி தருகிறது.

தமிழ்நாட்டில் இந்தப் பாதுகாப்பு அலுவலர் சமூக நலத் துறையைச் சேர்ந்தவர். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரித்தால் தெரிந்துவிடும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் போதும். அதை எழுதிக்கொண்டு, சொன்னவரிடம் கையொப்பம் பெற்று, ஒரு நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டியது அலுவலரின் வேலை. அவசர நிலை என்றால் தொலைபேசியில் வந்த நம்பகமான தகவலே போதும். அலுவலர் போலீஸ் உதவியோடு அந்த இடத்துக்குப் போய், நிகழ்வு அறிக்கையைப் பதிவு செய்து, தாமதமின்றி நீதித்துறை நடுவரிடம் கொடுக்க வேண்டும் என்று விதி சொல்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கணவனோ அவன் உறவினரோ செய்யும் கொடுமைக்கான குற்றப்பிரிவு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ, இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவாக இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் அந்தப் பிரிவில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய, பாதிக்கப்பட்ட பெண்ணோ அவருடைய ரத்த உறவு, திருமண உறவு, தத்து உறவில் உள்ளவரோ தகவல் தர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தக் கதவு திறக்காது. அவருக்கென்று சட்டம் திறந்து வைத்திருப்பது 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு. காவல் நிலையத்தில், "நீங்கள் யார், அந்தப் பெண்ணை வரச் சொல்லுங்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் சோர்ந்துவிட வேண்டாம். போக வேண்டிய இடம் பாதுகாப்பு அலுவலர்.

அடிப்பது மட்டும் வன்முறை அல்ல. வாய்ச்சொல்லால் வதைப்பது, மனத்தை நோகடிப்பது, விருப்பமில்லாத உடலுறவு, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, சீதன நகையை அவள் சம்மதமின்றி அடகு வைப்பது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் பட்டினி போடுவது எல்லாமே இந்தச் சட்டத்தில் வருகின்றன. பாதுகாப்பு கேட்பவர் மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தாய், சகோதரி, மகள், திருமணமின்றிக் கணவன் மனைவி போல் சேர்ந்து வாழும் பெண் யாராகவும் இருக்கலாம். எதிர்த்தரப்பு வயது வந்த ஆணாகவே இருக்க வேண்டும் என்றிருந்த வரம்பை 2016-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஆகவே மாமியார், நாத்தனார் மீதும் மனு கொடுக்கலாம்.

"கேஸ் போட்டால் புருஷனை உள்ளே தள்ளிவிடுவார்கள், குடும்பம் போய்விடும்" என்ற அச்சம்தான் பெண்களின் வாயைக் கட்டுகிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளான பெண்களில் 77 சதவீதம் பேர் யாரிடமும் சொல்லவும் இல்லை, உதவி கேட்கவும் இல்லை. உதவி தேடியவர்கள் வெறும் 14 சதவீதம். உண்மையில் இந்தச் சட்டம் அடிப்படையில் சிவில் நிவாரணம் தருவது. இனி அடிக்கக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு, வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்று வசிப்பிட உத்தரவு, செலவுக்குப் பணம், குழந்தையைத் தற்காலிகமாக யார் வைத்துக்கொள்வது, இழப்பீடு என இவற்றைத்தான் நடுவர் தருகிறார். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் சிறை: ஓராண்டு வரை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த மீறல் ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். அடி தாங்காமல் தாய் வீட்டுக்கு வந்துவிட்ட பெண், தாய் வீடு இருக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே மனு கொடுக்கலாம். முதல் விசாரணை பொதுவாக மூன்று நாளுக்குள், தீர்ப்பு 60 நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. அறுபது நாள் பல அறுபதுகளாக நீள்வது கோர்ட் வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். அதனால் முதல் நாளே இடைக்கால உத்தரவு கேட்பது புத்திசாலித்தனம்.

அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் தகவல் தரலாமா? சட்டப்படி தரலாம். என் கருத்தில், உயிருக்கு ஆபத்தில்லாத வரை முதலில் அவரிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்பது நல்லது. அதிகாரி வந்து போன பிறகு அதே வீட்டில் இரவைக் கழிக்கப்போவது அவர்தான். கேட்கும்போது கணவன் கைக்கு அடிக்கடி போகும் செல்போனில் செய்தி அனுப்பாதீர்கள், நேரில் பேசுங்கள். ஆனால் கத்தி எடுத்துவிட்டான், கழுத்தை நெரிக்கிறான், மண்ணெண்ணெய் வாடை வருகிறது என்றால் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. 112-ஐ அழையுங்கள்.

அவசரம் இல்லாதபோது 181 மகளிர் உதவி எண் நாள் முழுவதும் இயங்குகிறது. அங்கிருந்து மாவட்டத்தில் உள்ள 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழிகாட்டுவார்கள். மருத்துவ உதவி, ஆலோசனை, சட்ட உதவி, போலீஸ் உதவி எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். ஐந்து நாள் வரை தங்கவும் இடம் உண்டு. அனைத்து மகளிர் காவல் நிலையம் என்ற ஏற்பாடு 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கியது. இப்போது வட்டார நகரங்களிலும் இருக்கிறது.

குழந்தைக்கு: சொல்லியே ஆக வேண்டும்

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது போக்சோ, 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. சிறுமிக்கு மட்டுமல்ல, சிறுவனுக்கும் இதே சட்டம்தான். அதன் 19-ஆம் பிரிவில் 'தரலாம்' என்ற சொல்லே இல்லை. குற்றம் நடந்தது என்று தெரிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் உள்ளூர்க் காவல் நிலையத்திலோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ தகவல் தர வேண்டும். தெரிந்தும் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். "பள்ளியின் பெயர் கெட்டுவிடும், நாமே பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று ஆசிரியரிடம் ராஜினாமா கடிதம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் தலைமையாசிரியரும் தாளாளரும் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

மகாராஷ்டிராவின் சந்திரப்பூர் மாவட்டத்தில் பழங்குடி மாணவியர் தங்கியிருந்த பள்ளி விடுதியில் நடந்த கொடுமை தெரிந்தும் போலீசுக்குச் சொல்லவில்லை என்று ஒரு மருத்துவர் மீது வழக்குப் பதிந்தார்கள். உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்குக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. தெரிந்தே சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்றும் சொன்னது.

"தப்பாக இருந்துவிட்டால் என் மீது பொய்ப் புகார் வழக்கு வருமே?" வராது. வேண்டுமென்றே அவமானப்படுத்தவோ பணம் பறிக்கவோ மிரட்டவோ பொய் சொன்னவருக்குத்தான் தண்டனை. நல்லெண்ணத்தில் சந்தேகப்பட்டுச் சொன்னவருக்குப் பாதுகாப்பு உண்டு. குழந்தை சொன்னது பொய்யாகவே இருந்தாலும் அந்தக் குழந்தையைத் தண்டிக்க முடியாது. சந்தேகம் சரியா என்று கண்டுபிடிப்பது போலீசின் வேலை.

விசாரணை எப்படி நடக்கும் என்பதும் பெற்றோரைத் தயங்க வைக்கிறது. குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போக வேண்டியதில்லை. வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத, கூடியவரை பெண் உதவி ஆய்வாளர் வந்து வாக்குமூலம் பெற வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடன் இருக்கலாம். சிறுமி என்றால் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். எந்தக் காரணத்தாலும் இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் போலீஸ் தெரிவிக்க வேண்டும். அவசர சிகிச்சைக்குப் போன இடத்தில் "முதலில் எஃப்.ஐ.ஆர். கொண்டு வா" என்று எந்த மருத்துவமனையும் கேட்கக் கூடாது.

பாலியல் அல்லாத கொடுமைக்கு 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு இருக்கிறது. தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்கி, கவனிக்காமல் விட்டு, தேவையற்ற உடல், மன வேதனைக்கு ஆளாக்கினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "அடியாத மாடு படியாது" என்பது மாட்டுக்குச் சொன்னது. மாட்டுக்கே அது சரியா என்பது வேறு கதை.

குழந்தைகளுக்கான எண் 1098. 1996-இல் மும்பையில் தெருவோரக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய தொலைபேசிச் சேவை அது. 2023-இல் அரசின் நேரடிப் பொறுப்புக்கு வந்து 112 உடன் இணைக்கப்பட்டது. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், குழந்தையே அழைக்கலாம். "சொன்னால் குழந்தையைப் பிடுங்கி ஹோமில் போட்டுவிடுவார்கள்" என்று பாட்டிகள் பயப்படுவதைக் கேட்டிருக்கிறேன். சட்டத்தின் கொள்கை நேர்மாறானது. குடும்பம்தான் முதல் இடம். விடுதி, வேறு வழியே இல்லாதபோது கடைசி இடம்.

ஒரு குழந்தை உங்களிடமே வந்து சொன்னால், குறுக்கிடாமல் கேளுங்கள். திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். அந்தச் சத்தியத்தைச் சட்டமே உடைக்கச் சொல்கிறது. குழந்தை பயன்படுத்திய சொற்களையே, நாள், நேரத்தோடு எழுதி வையுங்கள். அண்மையில் நடந்தது என்றால் உடைகளைத் துவைக்காமல் காகித உறையில் வையுங்கள். குற்றம் செய்தவன் வீட்டு வாசலில் போய்ச் சண்டை போட வேண்டாம். அவன் ஆதாரத்தை அழிக்கவும் குழந்தையை மிரட்டவும் அது அவகாசம் கொடுக்கும். பெயர், படம், பள்ளி எதையும் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். நியாயம் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டு குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றம்தான். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பணம் கொடுத்து முடிக்கும் சமரசமும் செல்லாது. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான வழக்கைச் சமரசத்தின் பேரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது.

காவல் நிலையத்தில் "இது எங்கள் எல்லை இல்லை" என்றால், எல்லை பார்க்காமல் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்பதே 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டம். மனு கொடுத்ததற்குச் சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் திரும்ப வேண்டாம். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லை என்றால் நடுவரிடம் போகலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்யும். அதற்கான எண் 15100.

போன் செய்யும்போது கதை முழுவதும் சொல்ல வேண்டியதில்லை. என்ன கேட்டது, எப்போது கேட்டது, கையில் ஆயுதம் இருக்கிறதா, வீட்டில் குழந்தை இருக்கிறதா என்பது போதும். உங்கள் பெயரைச் சொல்லத் தயக்கம் இருந்தால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். முகவரியை மட்டும் சரியாகச் சொல்லுங்கள்: தெரு, கதவு எண், எந்த மாடி, பக்கத்தில் எந்தக் கடை.