மிஷன் பைலட் வேலைக்கு மூன்று லட்சம் ரூபாய்

போன வாரம் வாழைச்சேனைப் பக்கமிருந்து ஒரு தாயும் மகனும் மட்டக்களப்பு கல்லடியில் என் வீட்டுக்கு வந்தார்கள். மகன் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கடிதம். தலைப்பில் சிலுவையும் விமானமும் சேர்ந்த முத்திரை. பப்புவா நியூகினியில் மிஷன் பைலட் வேலை, அதாவது கிறிஸ்தவ ஊழிய அமைப்பின் விமானத்தை ஓட்டுகிற வேலை, இரண்டு மாதப் பயிற்சி இலவசம், சம்பளம் டொலரில். ‘பதிவுக் கட்டணம்’ என்று மூன்று லட்சம் ரூபாய் ஏற்கெனவே போய்விட்டது. அடுத்து விசாவுக்காம். “காப்பும் அடகிலதான் ஐயா கிடக்கு. மிச்சக் காசுக்கு என்ன செய்யலாம்?” என்றார் அந்த அம்மா. கடிதம் மெய்யா பொய்யா என்று அவர் கேட்கவேயில்லை.

இந்த வருடம் என்னிடம் வந்த நான்காவது கடிதம் இது. இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

நான் விமானி அல்ல. சிறிய விமானங்களைத் திருத்துகிறவன். பப்புவா நியூகினியில் பல வருடம் அந்த வேலையைச் செய்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவன். கடிதத்தில் ‘எயார்பஸ் ஏ320’ என்று பெரிய பயணிகள் விமானத்தின் பெயரைக் கண்டதும் சிரிப்பு வந்தது. தாயின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். தம்பிமாரே, மிஷன் விமானம் என்றால் செஸ்னா 206, செஸ்னா காரவான், கோடியாக் மாதிரியான சிறிய விமானங்கள். 206இல் விமானியோடு சேர்த்து ஆறு பேர்தான் இருக்கலாம். இறங்குவது புல்தரையில். மலைச்சரிவில் வெட்டிய ஓடுபாதை 500 மீற்றர் நீளம் இருந்தாலே நாங்கள் சந்தோஷப்படுவோம். மேட்டைப் பார்த்து இறங்கி, பள்ளத்தைப் பார்த்துக் கிளம்ப வேண்டும். மதியம் தாண்டினால் முகில் மலையை மூடிவிடும். அதனால் விடியற்காலையிலேயே வேலை தொடங்கிவிடும். ஏறுகிற ஆளையும் தராசில் நிறுப்போம், அவர் மடியில் வைத்திருக்கும் மரவள்ளிச் சாக்கையும் நிறுப்போம். எடை விஷயத்தில் வெட்கம் பார்த்தால் விமானம் மேலே எழும்பாது.

அந்த நாட்டில் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து மலைநாட்டுக்கு வீதியே இல்லை. இங்கே வெள்ளம் வந்து துறையில் பாதை (ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடத்தும் மிதவை) ஓடாவிட்டால் வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைச் சனம் நாலைந்து நாள் படும் பாடு தெரியும்தானே? அங்கே பல ஊர்களுக்கு வருடம் முழுக்க அந்த நிலைதான். தடுப்பூசி, பாடப் புத்தகம், கூரைத் தகரம் எல்லாம் ஆகாயத்தால்தான் போக வேண்டும். பிள்ளை பிறக்காமல் இரண்டு நாளாகத் துடிக்கிற பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரவும் அதே விமானம்தான். இரண்டு மாதம் படித்தவன் கையில் அதை யார் கொடுப்பார்கள்?

வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்கே பொதுவாக 200 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ், ஆங்கிலத் தேர்ச்சி எல்லாம் அதற்குமேல். அமெரிக்காவின் மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப் என்ற மிஷன் விமான அமைப்பு விமானியிடம் பெரும்பாலும் திருத்துநர் அனுமதிப்பத்திரத்தையும் எதிர்பார்த்து வந்திருக்கிறது. அந்த அமைப்பின் கதையே அப்படி. இரண்டாம் உலகப் போரில் பறந்தவர்கள் சேர்ந்து 1945இல் தொடங்கினார்கள். 1946 பெப்ரவரி 23ஆம் திகதி முதல் விமானத்தை மெக்சிக்கோவுக்கு ஓட்டியது பெட்டி கிரீன் என்ற பெண். அந்த விமானம் பிறகு இன்னொருவர் கையில் இறங்கும்போது உடைந்துபோக, அதைத் திருத்தப் போனவர்தான் நேட் செயின்ட். 1956இல் எக்குவடோர் காட்டில் கொல்லப்பட்ட மிஷனரிகள் ஐவரில் ஒருவராக அவரைச் சபைகளில் எல்லோருக்கும் தெரியும். கையில் ஸ்பேனரோடு போன நேட் செயின்ட்டைப் பற்றி ஒருவரும் பிரசங்கம் பண்ணுவதில்லை. சரி, அது என் தனிப்பட்ட மனக்குறை.

இப்போது என் பொறுமையைச் சோதிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். “மிஷன் பைலட்மாரே காசு திரட்டித்தானே போவார்கள், நீங்களே சொல்லியிருக்கிறீர்களே ஐயா” என்றான் அந்தத் தம்பி. ஓம், சொல்லியிருக்கிறேன். மோசடிக்காரன் பிடித்துக்கொண்டதும் அந்த அரை உண்மையைத்தான். பெரும்பாலான மிஷன் விமானிகளுக்கு விமானக் கொம்பனிச் சம்பளம் கிடையாது. சொந்த ஊர்ச் சபைகளும் நண்பர்களும் மாதாமாதம் தாங்குகிறார்கள். ஆனால் அது எப்போது நடக்கிறது? முதலில் அந்த ஆளிடம் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். அமைப்பு அவரை நேரில் கண்டு, பறக்கவைத்துப் பார்த்து, சபையில் விசாரித்து, ஏற்றுக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் ஆதரவு திரட்டல். அந்தக் காசும் அமைப்பின் பெயரிலுள்ள கணக்குக்குப் போகும், ரசீது வரும், அந்த ஊழியரின் வீட்டுச் செலவுக்கும் ஊழியத்துக்கும் திரும்பி வரும். வேலை தருவதற்கு முன்னால் வாங்குகிற காசுக்கு ஆதரவு என்று பெயரில்லை. நீங்கள் போட்டது யாரோ ஒரு தனி ஆளின் கணக்குக்கு. மெதடிஸ்ட் மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். அவரிடம் ஒருவரும் பதிவுக் கட்டணம் கேட்கவில்லை.

ஆகவே, வாட்ஸ்அப்பில் வந்த கடிதத்தை நம்பாதீர்கள். அமைப்பின் சொந்த இணையத்தளத்தை நீங்களே தேடி, அங்குள்ள முகவரிக்கு எழுதிக் கேளுங்கள். கடிதத்தில் உள்ள நம்பருக்கு எடுத்தால் கள்ளன்தான் பேசுவான். வெளிநாட்டு வேலை என்று யார் சொன்னாலும் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, அந்த முகவருக்கு அனுமதி உண்டா, குறிப்பிட்ட அந்த வேலைக்கு அனுமதி பெற்றிருக்கிறாரா என்று இரண்டையும் கேளுங்கள். பயிற்சி என்றால் சிவில் விமான சேவைகள் அதிகாரசபை அங்கீகரித்த பள்ளியா என்று பாருங்கள். கடவுச்சீட்டை ஒருவர் கையிலும் கொடுத்துவிட்டு வராதீர்கள். காசு போயிருந்தால் இன்றைக்கே வங்கிக்கும் பொலிசுக்கும் போங்கள். வைப்புச் சீட்டு, குரல் பதிவு, குறுஞ்செய்தி ஒன்றையும் அழிக்க வேண்டாம். வெட்கப்பட்டு அழித்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள்.

போதகர்மாரிடம் ஒரு வேண்டுகோள். இந்தத் தம்பி கடிதம் கிடைத்த அடுத்த ஞாயிறே ஆராதனையில் சாட்சி சொல்லியிருக்கிறான். “கர்த்தர் வாசலைத் திறந்தார்” என்று சபை கைதட்டி, காணிக்கையும் எடுத்துக் கொடுத்திருக்கிறது. அதன் பிறகு அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது, ஆனால் முந்நூறு பேர் முன்னால் சொன்னதை எப்படி விழுங்குவது? அந்த வெட்கம்தான் இரண்டாம் தவணைக்கு ஆள் தேட வைத்திருக்கிறது. மேடையில் ஏற்றுவதற்கு முன்னால் கடிதத்தை வாங்கி ஒருதரம் வாசியுங்கள் ஐயா. விளங்காவிட்டால் என் வீடு கல்லடியில்தான் இருக்கிறது.