கோபத்தில் எச்.ஓ.ஏ. கட்டணத்தை நிறுத்துகிறீர்களா?

கூரை ஒழுகுகிறது, எச்.ஓ.ஏ. எனும் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் போர்டு, அதாவது நிர்வாகக் குழு, கண்டுகொள்ளவில்லை, அதனால் மாதக் கட்டணத்தை நிறுத்திவிட்டேன். கலிபோர்னியாவில் வீடு வாங்கிய நம்மவர்கள் பலர் இப்படிச் சொல்லிக்கொண்டுதான் என் அலுவலகத்துக்கு வருகிறார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது வெறும் பாக்கி. கூரைக்கு வேண்டுமானால் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கெடுவுக்குப் பின் 15 நாள் போனால் தாமதக் கட்டணம் விழும். 10 டாலர் அல்லது பாக்கியில் 10 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை போடலாம். 30 நாளுக்குப் பிறகு ஆண்டுக்கு 12 சதவீதம் வரை வட்டி. அடுத்தது லீன், அதாவது பாக்கிக்காக வீட்டின் மேல் பதிவாகும் பாத்தியதை. அதைப் பதிய 30 நாள் முன்பே கணக்கு விவரத்தோடு சர்ட்டிஃபைட் மெயிலில், அதாவது கையெழுத்து வாங்கிக்கொண்டு தரும் தபாலில், நோட்டீஸ் வர வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். தபால்காரர் கதவில் ஒட்டிப்போன சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, "நான்தான் கையெழுத்தே போடலையே சார்" என்பார்கள். போடாவிட்டாலும் நாள் ஓடும். உறையின் தபால் முத்திரைத் தேதியிலிருந்து 15 நாளுக்குள் தவணை கேட்டு எழுதி அனுப்பினால், போர்டு 45 நாளுக்குள் உங்களைச் சந்தித்தாக வேண்டும். தவணைக்கு ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்றில்லை. ஆனாலும் கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கிறது.

ஒருகாலத்தில் 120 டாலர் பாக்கிக்காகக் கலவெராஸ் கவுண்டியில் ஒரு தம்பதியின் வீடே ஏலம் போனது. அப்புறம்தான் 2006 முதல் ஒரு வரம்பு வந்தது: பாக்கி 1,800 டாலருக்குக் கீழே இருந்தால் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோக முடியாது. வட்டி, தாமதக் கட்டணம், வக்கீல் பீஸ் எதையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சரி, தப்பித்தோம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். மாதம் 140 டாலர் என்றால் ஓராண்டுப் பாக்கி 1,680தான். ஆனால் பாக்கி 12 மாதத்தைத் தாண்டிவிட்டால் தொகை எவ்வளவு என்பதே கேள்வி இல்லை, ஏல வழி திறந்துவிடும்.

அப்போதும் ஏல நடவடிக்கைக்குப் போர்டு உறுப்பினர்களே வாக்களிக்க வேண்டும். மேனேஜர் தன்பாட்டுக்கு முடிவெடுக்க முடியாது. கோர்ட்டுக்குப் போகாமல் நடந்த ஏலம் என்றால், முடிந்த பிறகும் 90 நாளுக்குள் பணம் கட்டி வீட்டை மீட்கலாம். அந்த நேரத்தில் அவ்வளவு பணம் புரட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அபராதம் வேறு, மாதக் கட்டணம் வேறு. குப்பைத்தொட்டியை வெளியே விட்டதற்குப் போட்ட அபராதத்துக்காகக் கோர்ட்டுக்குப் போகாமல் வீட்டை ஏலம் விட முடியாது. 2025 ஜூன் கடைசியில் வந்த ஏபி 130 சட்டப்படி, உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ பாதகமில்லாத மீறலுக்கு 100 டாலருக்கு மேல் அபராதமும் கூடாது. அதனால் ஸ்டேட்மென்ட் வந்ததும் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். நீங்கள் கட்டும் பணம் முதலில் மாதக் கட்டணப் பாக்கியில்தான் கழிய வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. அப்படிக் கழித்திருக்கிறார்களா என்று பார்த்து, இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள்.