மஞ்சள் காய்ச்சல் ஊசி: பத்து நாள் கணக்கில் கோட்டை விடாதீர்கள்

கென்யா, நைஜீரியா, பிரேசில் என்று கிளம்புகிறவர்களில் பலர் விசா, டிக்கெட் எல்லாம் முடித்துவிட்டு, கடைசி வாரத்தில்தான் மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பற்றி விசாரிக்கிறார்கள். ஊசி போட்டு பத்து நாள் ஆன பிறகுதான், அதற்காகத் தரும் சான்றிதழ் அட்டை செல்லும். 1ஆம் தேதி போட்டால் 11ஆம் தேதியிலிருந்து. 8ஆம் தேதி விமானம் என்றால் அட்டை கையில் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. இது கொசுவால் பரவும் வைரஸ் காய்ச்சல். இந்தியாவில் இந்த நோய் கிடையாது, ஆனால் டெங்குவைப் பரப்புகிற அதே ஏடிஸ் கொசுதான் இதையும் பரப்பும், அதற்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. அதனால்தான் திரும்பி வரும்போது நம் அரசு இவ்வளவு கெடுபிடி காட்டுகிறது. நோயுள்ள நாட்டிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள், செல்லுபடியாகும் அட்டை இல்லாமல் இங்கே வந்து இறங்கினால், அந்த ஆறு நாள் முடியும்வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். அது என்ன ஆறு நாள்? கொசு கடித்து 3 முதல் 6 நாளுக்குள் காய்ச்சல் வந்துவிடும், அந்தக் கணக்குதான். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த விதி இல்லை. நோயுள்ள நாட்டில் விமானம் மாறியவர்களுக்கும் விதி உண்டு. விமான நிலையத்தைவிட்டு வெளியே போகாமலே இருந்திருந்தால், சுகாதார அதிகாரி ஒத்துக்கொண்டால் விலக்கு.

ஊசியை எந்த ஆஸ்பத்திரியிலும் போட்டுக்கொள்ள முடியாது. மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்த மையத்தில் போட்டால்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் துறைமுக சுகாதார அலுவலகமும் இருக்கின்றன. நேரே போய் நிற்காமல் முன்பதிவு பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும், திறந்தால் ஆறு மணி நேரத்தில் முடித்தாக வேண்டும், அதனால் ஆள் சேர்த்துத்தான் போடுவார்கள்.

ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தை, முட்டை ஒவ்வாமை கடுமையாக உள்ளவர், நோய் எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைந்தவர், கர்ப்பிணி, அறுபது தாண்டியவர் எல்லாம் முதலில் டாக்டரிடம் பேசுங்கள். போடக்கூடாது என்றால் காரணத்தை எழுதி வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதை ஏற்பதும் மறுப்பதும் போய் இறங்குகிற இடத்து அதிகாரிகள் கையில்.

அப்புறம், பழைய அட்டையில் பத்து வருடம் என்று போட்டிருந்தாலும் மறுபடி ஊசி வேண்டாம். 2016 ஜூலை 11 முதல் ஒரே ஊசி ஆயுளுக்கும் செல்லும். அட்டையை வாங்கியதும் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியா, கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள்.