'வில் ஹேவ் பீன் ஒர்க்கிங்': இதைத் தமிழில் நாம் எப்படிச் சொல்கிறோம்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வகுப்பு நடத்திவரும் எனக்கு, நேர்காணலுக்குப் போய்வந்தவர்கள் திரும்பி வந்து சொல்லும் கதைகளே பாதிப் பாடத்திட்டம். சிப்காட்டில் உள்ள ஆலை ஒன்றில் ஷிஃப்ட் பார்க்கும் இளைஞர் ஒருவர், வெளிநாட்டு வேலைக்கான நேர்காணலுக்குச் சென்றிருந்தார். இப்போதைய இடத்தில் எவ்வளவு காலமாக வேலை செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். வருகிற ஜூனோடு அங்கே தனக்கு ஐந்து ஆண்டு நிறைகிறது என்பதைச் சொல்ல நினைத்த அவர், 'நெக்ஸ்ட் ஜூன் ஐ வில் பி ஒர்க்கிங் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்றார். எதிரே இருந்தவர் சற்றுத் தயங்கிவிட்டு, 'ஜூனிலிருந்து ஐந்து ஆண்டு அங்கேயே இருப்பதாக ஒப்புக்கொண்டுவிட்டு எங்களிடம் ஏன் வந்தீர்கள்?' என்று கேட்டாராம்.

கேட்டவர் மீது தவறில்லை. 'வில் பி ஒர்க்கிங்' என்றால் அந்த வேலை இனிமேல் நடக்கப்போவது. அதன் பின்னால் 'ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று சேர்த்தால், கேட்பவர் அந்த ஐந்து ஆண்டையும் ஜூனுக்கு அப்பால்தான் எண்ணுவார். நம் இளைஞர் எண்ணியதோ ஜூனுக்கு இப்பால் உள்ள ஐந்து ஆண்டு. அதற்கு ஆங்கிலம் வைத்திருக்கும் வடிவம், 'பை நெக்ஸ்ட் ஜூன் ஐ வில் ஹேவ் பீன் ஒர்க்கிங் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்பது. இதைத்தான் ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் டென்ஸ் என்கிறோம். பயிற்சி மையங்களின் சுவரில் தொங்கும் பன்னிரண்டு கட்ட அட்டவணையில் இது கடைசிக் கட்டத்தில் இருக்கும். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்துவிட்டு மறக்கும் முதல் கட்டமும் அதுவே.

மறப்பதற்குக் காரணம் சோம்பல் என்று நெடுநாள் நானும் நினைத்திருந்தேன். இப்போது பழியில் பெரும் பகுதியை, அட்டவணையில் அந்தக் கட்டத்துக்கு எதிரே எழுதியிருக்கும் தமிழ் வாக்கியத்தின் மேல்தான் போடுவேன். 'நான் வேலை செய்துகொண்டிருந்திருப்பேன்' என்று அங்கே அச்சிட்டிருப்பார்கள். உரக்கப் படித்துப் பாருங்கள். தமிழ்க் காதுக்கு அது எதிர்காலமாக ஒலிக்கிறதா? 'நீ போன் செய்தபோது குளித்துக்கொண்டிருந்திருப்பேன்' என்றால் நாம் முடிந்துபோன ஒன்றை ஊகித்துச் சொல்கிறோம். 'மழை மட்டும் வராவிட்டால் இந்நேரம் வயலில் வேலை செய்துகொண்டிருந்திருப்பேன்' என்றால் நடக்காத ஒன்றைச் சொல்கிறோம். இரண்டிலும் வருகிற ஜூன் மாதத்துக்கு இடமே இல்லை. ஆகவே அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஆங்கில வடிவத்தின் பொருளைத் தேடும் மாணவர், தேட வேண்டிய திசைக்கு நேர் எதிராகப் போய்விடுகிறார்.

அப்படியானால் நாம் இந்தக் கருத்தைத் தமிழில் சொல்வதே இல்லையா என்றால், நாள்தோறும் சொல்கிறோம். 'வருகிற ஜூனோடு நான் இங்கே சேர்ந்து ஐந்து வருஷம் ஆகும்' என்பதுதான் அது. இதில் வினையைச் 'சேர்ந்து' என்று எச்சமாக முடித்து ஓரமாக வைத்துவிட்டு, 'ஆகும்' என்ற ஒரே சொல்லிடம் எதிர்காலத்தை ஒப்படைத்துவிடுகிறோம். ஆங்கிலமோ ஆண்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, காலத்தின் முழுச் சுமையையும் வினையின் தலையில் ஏற்றுகிறது. 'வில்' வரப்போகும் புள்ளியையும், 'ஹேவ் பீன்' அதற்குப் பின்னால் கிடக்கும் நீளத்தையும், 'இங்' இடைவிடாமல் நடப்பதையும் சுமக்கின்றன. 'ஓடு', 'ஆகும்' என்ற இரண்டும் சேர்ந்து வரும் தமிழ் வாக்கியம் நாவில் வந்தால் இந்த டென்ஸ் வேண்டியிருக்கிறது என்று கொள்ளலாம் என்பதே என் வகுப்பில் நான் கொடுக்கும் அடையாளம்.

எங்கள் ஊர் மாணவர்களுக்கு உடனே பிடிபடும் எடுத்துக்காட்டு மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மே மாத வகுப்பில், முதுநகரிலிருந்து வரும் ஒரு மாணவியிடம் 'ஜூன் 14-ஆம் தேதி இரவோடு படகுகள் சும்மா கிடந்து 61 நாள் ஆகும்' என்பதைக் கொடுத்தேன். 'பை தி நைட் ஆஃப் ஜூன் ஃபோர்ட்டீன்த் தி போட்ஸ் வில் ஹேவ் பீன் சிட்டிங் ஐடில் ஃபார் சிக்ஸ்டி ஒன் டேஸ்' என்று தடுமாறாமல் எழுதினார். அவரே முந்தின நாள் அட்டவணை வாக்கியத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் விழித்தவர். 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2029-இல் நூறாண்டு பாடம் நடத்தியிருக்கும் என்பதையும், 1968 பிப்ரவரியில் தொடங்கிய ஆரோவில்லில் மக்கள் வாழத் தொடங்கி 2028-இல் அறுபது ஆண்டு ஆகும் என்பதையும் இதே அச்சில் வார்க்கலாம்.

அட்டவணை வாக்கியத்துக்கும் ஓர் இடம் உண்டு என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து உறவினர்கள் விடியற்காலையில் வந்து இறங்கியதும், 'இரவெல்லாம் பயணம் செய்துகொண்டிருந்திருப்பார்கள், தூங்கட்டும்' என்கிறோமே, அதை ஆங்கிலத்தில் 'தே வில் ஹேவ் பீன் டிராவலிங் ஆல் நைட்' என்றே சொல்லலாம். இங்கே 'வில்' எதிர்காலத்தைக் குறிக்கவில்லை; ஊகத்தைக் குறிக்கிறது. ஆக, தமிழ்ப் பெயர்ப்பு முழுத் தவறன்று. அதிகம் வராத பயன்பாட்டுக்கு உரியதை, முதன்மையான பயன்பாட்டின் எதிரே ஒட்டிவிட்டார்கள்.

புதுச்சேரியிலிருந்து வரும் மாணவர்களில் பள்ளியில் பிரெஞ்சு படித்தவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு ஆறுதலாக நான் சொல்வது ஒன்று உண்டு: 'ஐந்து ஆண்டாக இங்கே வசிக்கிறேன்' என்பதைப் பிரெஞ்சும் நம்மைப் போலவே 'தெபுயி' என்ற சொல்லோடு நிகழ்காலத்தில்தான் சொல்கிறது. இந்த இடத்தில் விடாப்பிடியாக 'ஹேவ் பீன்' கேட்பது ஆங்கிலம். 'ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று நம்மவர் எழுதுவது, 'வேலை செய்கிறேன்' என்ற நம் நிகழ்காலத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போவதால் வருகிற பிழை.

எண்ணிக்கையா, நீளமா என்பதில்தான் அடுத்த தடுமாற்றம். கிழிந்த வலைகளைச் செப்பனிடும் ஒருவர் காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால், நண்பகலில் அவர் 'வில் ஹேவ் பீன் மெண்டிங் நெட்ஸ் ஃபார் சிக்ஸ் அவர்ஸ்'. ஆனால் முடித்த வலைகளை எண்ணினால் 'வில் ஹேவ் மெண்டட் டூ நெட்ஸ்'. எண்ணிக்கை வந்தவுடன் 'பீன்' விலகிவிட வேண்டும். அறிதல், உடைமை போன்ற நிலைகளைச் சொல்லும் வினைகளும் 'இங்' ஏற்பதில்லை. ஒருவரை இருபது ஆண்டு அறிந்திருப்பது 'வில் ஹேவ் நோன்' ஆகும், 'வில் ஹேவ் பீன் நோயிங்' ஆகாது. திருமணத்தின் வெள்ளிவிழா அழைப்பிதழ் ஒன்றைத் திருத்தக் கொண்டுவந்த பெரியவர், 'வில் ஹேவ் பீன் மேரியிங் ஃபார் ட்வென்ட்டி ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதியிருந்தார். இருபத்தைந்து ஆண்டாகத் தாலி கட்டிக்கொண்டே இருக்கிறார் என்று அதற்குப் பொருள் என்றபோது அவருடைய மனைவி சிரித்த சிரிப்பை மறக்க முடியாது. 'வில் ஹேவ் பீன் மேரீட்' என்று திருத்திக் கொடுத்தேன். அதில் 'மேரீட்' என்பது நிலையைச் சொல்லும் சொல்.

'நீ வரும்போது' என்பதில் உள்ள 'வரும்' தமிழில் எதிர்கால வடிவம் என்பதால், 'பை தி டைம் யூ வில் கம்' என்று எழுதாதவர்கள் குறைவு. அந்தத் துணை வாக்கியத்தில் ஆங்கிலம் 'வில்' சேர்ப்பதில்லை. 'பை தி டைம் யூ கம்' போதும். சாலை போடுவதைச் செயப்பாட்டு வினையில் சொல்லப் போய் 'வில் ஹேவ் பீன் பீயிங் லெய்ட்' என்று எழுதுவோரும் உண்டு. அட்டவணையின்படி கூட்டினால் அப்படித்தான் வரும். ஆனால் ஆங்கிலம் பேசுவோர் அதைத் தவிர்த்து, 'தே வில் ஹேவ் பீன் லேயிங் தி ரோட்' என்றே சொல்வார்கள்.

இத்தனையும் நினைவில் நிற்காது என்பவருக்கு ஒரு மாற்றுவழி இருக்கிறது, அது கௌரவக் குறைவும் அன்று. 'இட் வில் பி ஃபைவ் இயர்ஸ் இன் ஜூன் சின்ஸ் ஐ ஜாயின்ட்' என்பது நல்ல ஆங்கிலம். 'ஜூனில் நான் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகும்' என்ற நம் வாக்கியம் அதில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

சிப்காட் இளைஞருக்கு இவை அனைத்தையும் விளக்கி முடித்தபின், நேர்காணலில் கேட்ட கேள்வியை ஆங்கிலத்தில் அப்படியே சொல்லச் சொன்னேன். 'ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஒர்க்கிங் தேர்?' என்றார். ஜூன் மாதத்தைப் பற்றி அவர்கள் கேட்கவே இல்லை. 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் தேர் ஃபார் ஃபோர் இயர்ஸ் அண்ட் டென் மன்த்ஸ்' என்ற விடையின் முக்கால்வாசி, கேள்வியிலேயே இருந்தது.