தை மாசியில் வேலிக்கொடிகளின் காய்கள்: ரசிக்கவும் வேண்டும், தெரிந்திருக்கவும் வேண்டும்

மாரி மழை ஓய்ந்து தைப்பனி கொட்டத் தொடங்கினால் எங்கள் மட்டக்களப்புப் பக்கத்து வேலிகள் ஆளே மாறிவிடும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் கதியாலே தெரியாமல் மூடிப் படர்ந்து கிடந்த கொடிகள் இலையைக் கொட்டி மெலிந்துபோகும். அதற்குப் பிறகுதான் காய்கள் கண்ணில் படும். பூக்காலத்தைவிட இந்தக் காய்க்காலத்தைத்தான் எனக்குப் பிடிக்கும். காலையில் வவுணதீவுப் பக்கமோ கொக்கட்டிச்சோலைப் பக்கமோ போகும்போது, பனி ஈரம் காயாத வேலியில் குண்டுமணிக் காய்கள் கொத்தாக வெடித்து நிற்பதைக் கண்டால் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல் போக மனம் வராது.

ஆனால் நான் வேலை செய்வது வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில். அங்கே இதே காய்கள் அம்மாவின் முந்தானை முடிச்சிலோ, அழுகிற பிள்ளையின் பொத்திய கைக்குள்ளோ வந்து சேரும். "டொக்டர், புள்ள இத வாய்க்குள்ள போட்டுட்டான். முழுங்கினானா துப்பினானா தெரியல்ல." இதைக் கேட்டதும் நாங்கள் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி, கடித்தானா என்பது. பல பெற்றோருக்கு இந்தக் கேள்வி விளங்குவதில்லை. எத்தனை கொட்டை போனது என்றுதான் அவர்கள் எண்ணிக்கொண்டு வந்திருப்பார்கள்.

கடித்தானா என்று கேட்பதற்குக் காரணம் அந்தக் காயிலேயே இருக்கிறது. குண்டுமணிக் காய் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு விரல் அகலம்கூட வராத, நுனியில் கிளிச்சொண்டு போல வளைந்த சின்னக் காய். முற்றிக் காய்ந்ததும் இரண்டு தோலும் முறுக்கிக்கொண்டு பின்னால் சுருளும். உள்ளே மூன்று, நான்கு, சிலவேளை அதற்கு மேலும் கொட்டைகள். சிவப்பு உடம்பு, ஒட்டியிருக்கிற முனையில் மட்டும் கறுப்பு. மற்றக் கொடிகள் பல, வெடித்தவுடன் விதையை உதறிவிடும். இது விடாது, வாரக்கணக்கில் தோலிலேயே பிடித்து வைத்துக் காட்டிக்கொண்டிருக்கும். பழமென்று நம்பிப் பறவை கொத்த வேண்டும் என்பதுதான் அந்தக் கொடியின் தந்திரம். பறவை ஏமாறுகிறதோ இல்லையோ, இரண்டு வயதுப் பிள்ளை நிச்சயமாக ஏமாறும்.

கொட்டையின் மேலோடு மிகவும் கடினமானது. முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் வயிற்றில் உடையாமல் அப்படியே மலத்தோடு வந்துவிடும். ஆபத்து அந்த ஓட்டுக்கு உள்ளே இருக்கிறது. அப்ரின் என்கிற ஒரு வகைப் புரத நஞ்சு. அது எங்கள் உடம்பின் கலத்துக்குள் புகுந்தால், கலம் தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்கிற வேலையையே நிறுத்திவிடும். புரதம் இல்லாமல் கலம் உயிரோடு இருக்காது. ஆமணக்கு விதையில் இருக்கிற ரிசினும் இதே குடும்பம்தான். ஆகவே கடித்து நொறுக்கிய கொட்டை ஒன்று, முழுதாக விழுங்கிய பலவற்றைவிட எங்களைப் பயப்படுத்தும். ஓடு இன்னும் இறுகாத பச்சைக் காயின் கொட்டையும் அப்படித்தான்.

இன்னொரு வகைக் கொட்டையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை: துளை போட்டது. மாலை கோர்க்கவும், கைவளையம் செய்யவும், முன்பள்ளியில் கைவேலைக்கும் சூடாக்கிய ஊசியால் துளை போட்டுக் கொடுக்கிறார்கள். துளை போட்டதோடு அந்தக் கொட்டைக்கு இருந்த ஒரே காவலும் போய்விட்டது. முழுதாக விழுங்கினாலும் வயிற்று நீர் உள்ளே போகும், நஞ்சு வெளியே வரும். துளைக்கும்போது பறக்கிற தூள் கண்ணில் பட்டால் கண் வீங்கிச் சிவந்து கடுமையாகப் புண்படும். அட்டையில் ஒட்டிப் பூ, மயில் செய்கிற முன்பள்ளி ஆசிரியைகள் புளியங்கொட்டையையோ பயறையோ எடுத்துக்கொள்ளலாம். குண்டுமணி மாதிரி மினுங்காதுதான், என்ன செய்வது.

இனி, இந்தக் கட்டுரையை எழுத வைத்த விசயம். பிள்ளை கடித்துவிட்டது என்று தெரிந்ததும் வீட்டில் நடக்கிறது பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். அம்மம்மா உப்புத் தண்ணி கரைப்பார், அப்பா தொண்டைக்குள் விரலை விடுவார், பக்கத்து வீட்டுக்காரர் புளிக்கரைசலோடு வருவார். தயவுசெய்து இவை ஒன்றும் வேண்டாம். உப்புத் தண்ணி சின்னப் பிள்ளையின் இரத்தத்தில் உப்பை ஏற்றி வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். விரல் விட்டு எடுக்கிற வாந்தி நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். வாய்க்குள் மிச்சம் இருக்கிற துண்டுகளைக் கிள்ளி எடுத்து, வாயைக் கொப்பளிக்க வையுங்கள். அதோடு வெளிக்கிடுங்கள். வாகனம் இல்லையென்றால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ். அதற்குக் காசு தேவையில்லை.

அடுத்த சிக்கல், பிள்ளை விளையாடிக்கொண்டிருப்பது. "ஒண்டும் இல்ல டொக்டர், சோறும் சாப்பிட்டுட்டான், அதான் நாளைக்குப் பாப்பம் எண்டு இருந்தம்." அப்ரின் உடனே வேலை காட்டாது. சில மணித்தியாலம் கழித்தும் தொடங்கும், ஒன்றிரண்டு நாள் கழித்தும் தொடங்கும். முதலில் வாந்தி, வயிற்றுக்குத்து, பிறகு வயிற்றோட்டம், சிலவேளை இரத்தத்தோடு. உடம்பில் நீர் வற்றி, ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கிற கட்டத்தில் வந்தால் எங்கள் கையிலும் அதிகம் இருக்காது. காரணம், இந்த நஞ்சை முறிக்கிற மருந்து இல்லை. நேரத்தோடு வந்தால் வயிற்றிலிருக்கிற நஞ்சைப் பிடிக்கிற கரித்தூள் மருந்து கொடுக்கலாம் (வீட்டு அடுப்புக் கரி அல்ல), சேலைன் ஏற்றலாம், இரத்தம் பார்க்கலாம், வோர்ட்டில் வைத்துக் கவனிக்கலாம். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இருக்கிற தேசிய நஞ்சுத் தகவல் நிலையத்தைக் கேட்டும் முடிவெடுக்கலாம். சும்மா வோர்ட்டில் படுத்துவிட்டு மறுநாள் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற பிள்ளைதான் எங்களுக்கு வேண்டும். அதை அலைச்சல் என்று நினைக்காதீர்கள்.

குண்டுமணி இலையைத் தொண்டைக்கட்டுக்கு மெல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். இலை இனிக்கும், அந்தப் பழக்கம் பழையது. சித்த வைத்தியர்கள் விதையையும் சுத்தி செய்து, அதாவது நஞ்சு நீக்கி, பாவிக்கிறார்கள். அது படித்தவர்கள் செய்கிற வேலை. வீட்டில் பாலில் போட்டு அவித்துப் பார்க்கிற காரியம் இல்லை.

அடுத்தது கார்த்திகைப்பூக் கொடி. இலையின் நுனியே சுருளாகி வேலியைப் பிடித்து ஏறும். வேறு பற்றுக்கம்பி வேண்டாம் அதற்கு. மழையோடு முளைத்து, பூத்து, தையில் கொடி காயும்போது காய்கள் மூன்று பிளவாகத் திறக்கும். உள்ளே செம்மஞ்சள் விதைகள் வரிசையாக இருக்கும். பூச்சாடியில் வைக்க ஆசைப்படுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் செடியில் நஞ்சில்லாத பாகமே இல்லை. விதையிலும் கிழங்கிலும் கூடுதல். கொல்சிசின் என்பது அந்த நஞ்சின் பெயர். சமைத்தாலும் போகாது.

இதில் விதையைவிட என்னைக் கவலைப்படுத்துவது கிழங்கு. கொடி காய்ந்து உதிர்ந்த பிறகு கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். வளவைக் கொத்துகிறபோது இரண்டு கவராகப் பிரிந்த வெளிறிய கிழங்கு வந்தால், இராசவள்ளியோ வேறேதோ என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டுவிடுகிற ஆபத்து உண்டு. சில மணித்தியாலத்தில் கொலரா மாதிரி வாந்தியும் வயிற்றோட்டமும். பிறகு கொஞ்சம் தெளிந்ததுபோல இருக்கும். அந்தத் தெளிவை நம்பி வீட்டுக்குப் போகக் கேட்பவர்களோடு நாங்கள் வாதாட வேண்டி வரும், ஏனென்றால் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் எலும்பு மச்சை, சிறுநீரகம், இதயம் எல்லாம் ஒன்றாகச் சரியும். அதையும் தாண்டிப் பிழைத்தவர்களுக்கு ஒன்றிரண்டு கிழமைக்குப் பிறகு தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டும். திரும்ப முளைக்கும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புவோம். நட்டு வளர்க்காத எந்தக் கிழங்கையும் அவிக்காதீர்கள், அவ்வளவுதான்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மாடு மேய்ப்பவர்களுக்கும் சேனை வெட்டுகிறவர்களுக்கும் பூனைக்காலியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வீட்டு வேலிக்கு அது ஏறிவிட்டால்தான் சிக்கல். வளைந்த காய்கள், மேலே பொன்னிறத்தில் வெல்வெட் மாதிரி மயிர். வெயில் சாய்ந்து படும்போது பார்த்தால் கை தானாக நீளும். காய்ந்த காயிலிருந்து அந்த மயிர் காற்றிலேயே உதிரும். ஒவ்வொன்றும் தோலைக் குத்தி, கூடவே முக்குனெயின் என்ற நொதியையும் உள்ளே விடும். சொறியச் சொறியப் பரவும். சொறியாமல் உடுப்பைக் கழற்றி, ஒட்டுகிற டேப்பைத் தோலில் ஒட்டி ஒட்டிப் பிரித்தால் மயிர் அதோடு வந்துவிடும். பிறகு நிறையத் தண்ணீர், சவர்க்காரம். கண்ணில் விழுந்தால் கசக்காமல் கால் மணித்தியாலமாவது ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு வாருங்கள். சாணி பூசிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. சொறிந்து புண்ணான தோலில் சாணி வைத்தால் ஏற்புவலியை (டெட்டனஸ்) கூப்பிட்டு வைத்த மாதிரி.

காய்க்காக ஒரு கொடி வைக்கத்தான் வேண்டுமென்றால் முடக்கொத்தான் வையுங்கள். ஊதிய காய், பிள்ளைகள் நசுக்கி வெடிக்க வைக்கலாம், உள்ளே கறுப்பு விதையில் வெள்ளையாக ஓர் இதய அடையாளம் இருக்கும். இலை இரசத்துக்கு ஆகும்.

கடைசியாக ஒன்று. ஆஸ்பத்திரிக்கு வரும்போது காயையும் கொட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் கொடியைக் கைபேசியில் படம் எடுத்து வாருங்கள். மஞ்சாடிக் கொட்டையும் சிவப்புத்தான். ஆனால் அது மரத்துக் காய். கொட்டை பெரிது, கறுப்பு முனை இல்லை, குண்டுமணியில் இருக்கிற அளவுக்கு நஞ்சும் இல்லை. தொண்டையில் அடைக்காமல் இருந்தால் அந்தப் பிள்ளையை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பலாம். கையில் ஒன்றுமில்லாமல் "ஏதோ செவப்புக் கொட்ட" என்று வந்தால் அதைக் குண்டுமணி என்றே எடுத்துக்கொண்டு, தேவையில்லாமல் பிள்ளைக்கு ஊசியும் சேலைனும் ஒரு நாள் வோர்ட்டும்.