மறதி ஆற்றில் இறங்கினால் எது போகும்?

போர்ச்சுகலின் வடக்கே, லிமா ஆற்றங்கரையில் பொன்டே டி லிமா என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒரு கரையில் ரோமானிய வீரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். எதிர்க்கரையில் குதிரைமேல் அமர்ந்த தளபதி ஒருவர் அவர்களைப் பார்த்தபடி இருக்கிறார். எல்லாம் சிலைகள்தான். நடுவில் ஓடுகிற ஆறு மட்டும் நிஜம்.

தளபதியின் பெயர் டெசிமஸ் ஜூனியஸ் ப்ரூட்டஸ். சீசரைக் குத்திய ப்ரூட்டஸ் அல்ல. இவர் அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் முந்தியவர். கி.மு. 138இல் ரோமின் உச்சப் பதவியான கான்சலாக இருந்து, பிறகு இன்றைய ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தின் மேற்குப் பகுதியில் படை நடத்தியவர். டோரோ ஆற்றைத் தாண்டி வடக்கே வந்தபோது இந்த ஆறு குறுக்கிட்டது. வீரர்கள் இறங்க மறுத்தார்கள். காரணம், ஆற்றின் பெயர்: ஒப்லிவியோ. லத்தீனில் மறதி என்று பொருள். கிரேக்கர்கள் இதையே லீத்தி என்றார்கள். இறந்தவர்களின் உலகில் ஓடும் ஆற்றுக்கும் அதே பெயர்தான். அதன் நீரைக் குடித்தால் வாழ்ந்த வாழ்க்கை மொத்தமும் மறந்துபோகும் என்பது அவர்கள் நம்பிக்கை. வீடு, மனைவி மக்கள், ஊர் எல்லாம் நெஞ்சைவிட்டுப் போய்விடும் என்றால் யார்தான் இறங்குவார்கள்?

அப்புறம் நடந்ததாக இன்று எல்லோரும் சொல்லும் கதை இது: ப்ரூட்டஸ் தனியாக ஆற்றைக் கடந்தார். மறுகரையில் நின்று தன் வீரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "அவருக்கு நம் பெயர் நினைவிருக்கிறதே!" என்று தைரியம் வந்து எல்லோரும் கடந்தார்கள்.

அழகான கதை. ஆனால் நரம்பியல் மருத்துவரிடம் சொன்னால் சிரிப்பார். இதைவிட மோசமான மறதிச் சோதனை இருக்க முடியாது.

ஏன் என்று புரிய 1953க்கு வர வேண்டும். அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்குக் கடுமையான வலிப்பு நோய். மருந்துகள் பலன் தராததால், வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவர் மூளையின் இரு பக்கத்திலும் நெற்றிப்பொட்டுக்கு உட்புறம் இருந்த ஹிப்போகாம்பஸ் பகுதியின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் புதிதாக எதுவும் அவர் மனதில் நிற்கவில்லை. அவரோடு பல ஆண்டுகள் பணியாற்றிய பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், பார்க்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. அதே மனிதருக்குத் தன் பெயர் தெரியும். சிறுவயது தெரியும். பேச்சு, நாகரிகம், நகைச்சுவை எதற்கும் குறைவில்லை.

நினைவு ஒரே பெட்டியில் இருக்கும் பொருளல்ல. இன்று காலை நடந்தது முதலில் ஹிப்போகாம்பஸின் துணையோடுதான் பிடித்துவைக்கப்படுகிறது. நாட்கள், மாதங்கள், ஆண்டுகள் போகப் போக, அது மூளையின் வெளி அடுக்கான புறணியில் பல இடங்களில் பரவி வேர் பிடிக்கிறது. அதனால்தான் தலையில் அடிபட்டால் முதலில் போவது புதிய நினைவு; பழையது கெட்டியாக நிற்கும். பிரெஞ்சு உளவியலாளர் தியோதுல் ரிபோ 1881லேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார். முதியவர்களோடு இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. காலையில் சாப்பிட்டது நினைவிருக்காது. அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய கல்யாணத்தில் யார் பந்தியில் கோபித்துக்கொண்டு எழுந்துபோனார் என்பது அச்சுப் பிசகாமல் வரும்.

ஆக, நிஜமாகவே மூளையைத் தாக்கும் மறதி ஆறு ஒன்று இருந்தால், வீரர்கள் மறப்பது ரோமை அல்ல. அம்மாவையும் ஊரையும் சொந்தப் பெயரையும் அல்ல. அவர்கள் மறப்பது அந்த ஆற்றை! மறுகரையில் ஈரத்தோடு நின்றுகொண்டு, "நாம் எப்போது இங்கே வந்தோம்?" என்று கேட்டிருப்பார்கள். நெடுநாள் பழகிய வீரர்களின் பெயர்களைத் தளபதி தாராளமாகச் சொல்லியிருப்பார். அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "ஐயா, கொஞ்சம் முன்னால் நீங்கள் எந்தக் கரையில் இருந்தீர்கள்?" என்பதுதான்.

தன் பெயரையே மறந்தவர்கள் இல்லவே இல்லையா? இருக்கிறார்கள், ஆனால் அரிது. பெரும்பாலும் அங்கே மூளைக் காயத்தைவிட மனம்தான் காரணம். முதல் உலகப்போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்து 1918இல் பிரான்சுக்குத் திரும்பிய ஒரு வீரரால் தான் யார் என்று சொல்ல முடியவில்லை. அவர் முணுமுணுத்ததை வைத்து அன்தெல்ம் மான்ஜான் என்று எழுதிக்கொண்டார்கள். செய்தித்தாளில் படம் வந்ததும், மகனை, கணவனைப் போரில் தொலைத்த பல குடும்பங்கள் "இவர் எங்கள் ஆள்" என்று வந்து நின்றன. கடைசியில் 1930களில், அவர் சொந்த ஊர் இதுதானோ என்று சந்தேகப்பட்ட கிராமத்தின் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு, பின்னால் நடந்துபோனார்கள். அவர் நேராக அப்பாவின் வீட்டுக்கு நடந்தார். வழியில் தேவாலயக் கோபுரம் மாறியிருப்பதைக் கவனித்ததாகவும் சொல்கிறார்கள். மின்னல் தாக்கிய பிறகு அது மாறித்தான் இருந்தது. அவருடைய உண்மைப் பெயர் ஒக்தாவ் மொன்ஜுவான். பெயர் வாயில் வரவில்லை, கால்களுக்கு வழி தெரிந்திருந்தது.

சரி, ஓர் எல்லையைத் தாண்டினால் மறதி வரும் என்ற நம்பிக்கையில் கொஞ்சமும் உண்மை இல்லையா? சிறிதளவு உண்டு. சமையலறைக்குள் நுழைந்து, எதற்கு வந்தோம் என்று விழித்துக்கொண்டு நிற்காதவர் யார்? அமெரிக்காவின் நோட்ரடேம் பல்கலைக்கழகத்தில் கேப்ரியல் ரட்வான்ஸ்கி குழுவினர் 2011இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். ஒரே அறைக்குள் நடப்பதைவிட, அதே தூரத்தை வாசல் தாண்டி நடந்தால், கையிலிருந்த பொருள் என்ன என்பது அதிகமாக மறந்தது. இடம் மாறியதும் மூளை "முந்தைய காட்சி முடிந்தது" என்று அதை மடித்து வைத்துவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம். பின்னால் ஆஸ்திரேலியாவில் செய்த சோதனைகளில், மனதுக்கு வேறு சுமை இல்லாதபோது இந்த விளைவு சரியாகத் தென்படவில்லை. எப்படியும் போவது நொடிகளுக்கு முன் நினைத்த காரியம். கட்டிய மனைவி அல்ல.

இனி வேடிக்கையான பகுதி. பெயர் சொல்லி அழைத்த கதை லிவியிடம் இல்லை. ரோமின் வரலாற்றை எழுதிய லிவியின் 55ஆம் நூல் காணாமல் போய்விட்டது; சுருக்கம் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் ப்ரூட்டஸ் யாரையும் கூப்பிடவில்லை. கொடிக்காரனிடமிருந்து படைக்கொடியைப் பறித்து, தானே அக்கரைக்குக் கொண்டுபோகிறார். அவ்வளவுதான். கொடி போன இடத்துக்குப் போகாமல் நிற்பது ரோமானிய வீரனுக்குப் பெருத்த அவமானம். மறதியைப் பற்றிய பயத்தை மானத்தைப் பற்றிய பயம் வென்றது என்றே நான் படிக்கிறேன்.

பிறகு எப்படிக் கொடி போய்ப் பெயர்கள் வந்தன? கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் கொடுத்துத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். பழங்குடியினரின் துடுப்போடம் சாதாரணப் படகாயிற்று. சீல் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. புரியாதது உதிர்ந்து, அவரவர் மனதுக்குப் பொருந்துவது ஒட்டிக்கொண்டது. படைக்கொடியின் மானம் நமக்குப் புரிவதில்லை. பெயர் சொல்லி அழைப்பது சட்டென்று புரிகிறது. இன்று ஆற்றின் மேற்பகுதியில், ஸ்பெயினின் ஷின்ஸோ டி லிமியா ஊரில், ரோமானிய வேடமிட்டு நடத்தும் மறதித் திருவிழாவிலும் ப்ரூட்டஸ் கூப்பிடத்தான் செய்கிறார்.

ஆற்றுக்கு அந்தப் பெயர் வந்த கதையை புவியியலாளர் ஸ்ட்ராபோ தருகிறார். தெற்கிலிருந்து கெல்ட்டியர்கள், துர்துலியர்கள் என்ற இரு இனத்தவரும் சேர்ந்து படையெடுத்து வந்தார்களாம். ஆற்றைத் தாண்டியதும் அவர்களுக்குள் சண்டை. தலைவனும் இறந்துபோனான். சிதறிப்போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். இதில் மந்திர நீர் எதுவும் இல்லை. போனவர்கள் வரவில்லை, காத்திருந்தவர்கள், நம்மை மறந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கலாம்.

ப்ரூட்டஸின் படை திரும்பி வந்தது. வடக்கே மின்யோ ஆறு வரை போய், கல்லாய்க்கியர் என்ற மக்களை வென்று, ரோமில் வெற்றி ஊர்வலமும் கண்டது. மறதி ஆற்றைக் கடந்த தளபதிக்குக் கூடுதலாக ஒரு பெயரும் கிடைத்தது: கல்லாய்க்கஸ்.