பீடி தொடாதவருக்கு நுரையீரல் புற்று ஏன்?

கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் ஐம்பது வயது அம்மா ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தால், வீட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பீடி, சிகரெட் எதையுமே தொடாதவங்களுக்கு எப்படி வந்துச்சு?" இந்த நோய்க்கு முதல் காரணம் புகையிலைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் புகைக்காதவர்களுக்கு, அதிலும் ஆசியப் பெண்களுக்கு, வருவது பெரும்பாலும் அடினோகார்சினோமா (சுரப்பி செல்களில் தோன்றும் புற்று) என்ற வகை. அதில் பலருக்குக் கோளாறு ஒரே ஒரு மரபணுவில் இருக்கிறது.

நுரையீரல் செல்லின் சவ்வில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதம் பாதி வெளியேயும் பாதி உள்ளேயுமாகச் செருகி நிற்கிறது. வளர்ச்சிக் காரணி வந்து வெளிப்பாதியில் ஒட்டியதும், இப்படிப்பட்ட இரண்டு புரதங்கள் சேர்ந்துகொள்ளும். உள்பாதி விழித்து, 'பிரிந்து பெருகு' என்று செல்லுக்குச் செய்தி அனுப்பும். காரணி விலகினால் அடங்கிவிடும். அந்தக் காரணியைக் கண்டறிந்த ஸ்டான்லி கோஹனுக்கு 1986-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வாய்க்கால் மதகில் தேவைக்கு ஷட்டரைத் தூக்கி, வயல் நிறைந்ததும் இறக்குவோம் அல்லவா, அதே ஏற்பாடுதான். இந்தப் புரதத்துக்கான மரபணு பிறழ்ந்தால் ஷட்டர் தூக்கிய நிலையிலேயே இறுகிவிடுகிறது. காரணி வராவிட்டாலும் செய்தி போய்க்கொண்டே இருக்கும்.

பிறழ்வின் அளவைப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த புரதம் இது. 858-ஆம் இடத்தில் லூசின் இருக்க வேண்டும். அதற்கான மரபணு எழுத்துகள் சி.டி.ஜி. நடுவிலுள்ள 'டி' மட்டும் 'ஜி' ஆகிவிட்டால் அங்கே ஆர்ஜினின் வந்து உட்காருகிறது. அவ்வளவுதான். பரிசோதனை அறிக்கையில் எல்858ஆர் என்று இருப்பது இதைத்தான். அதே மரபணுவின் 19-ஆவது எக்ஸானில் (எக்ஸான் என்பது மரபணுவின் ஒரு பகுதி) ஒரு சிறு துண்டு விடுபட்டுப் போவது இன்னொரு வகை. பெரும்பாலான இ.ஜி.எஃப்.ஆர். பிறழ்வுகள் இந்த இரண்டில் ஒன்றுதான்.

இ.ஜி.எஃப்.ஆர். புரதத்தை அடக்கும் ஜெஃபிடினிப் மாத்திரை 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, சிலருக்குக் கட்டி மளமளவென்று சுருங்கியது, பலருக்கு அசையவே இல்லை. காரணம் 2004-ல் தெரிந்தது: பலன் கண்டவர்களின் கட்டிகளில் இந்தப் பிறழ்வு இருந்தது. இந்தியாவில் அடினோகார்சினோமா நோயாளிகளில் ஏறக்குறைய கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு பேருக்கு இது உண்டு. பரிசோதிக்காமல் மருந்தைத் தீர்மானிப்பது சரியல்ல என்பது என் கருத்து. நாளடைவில் மருந்துக்கு அடங்காத செல்கள் தலையெடுக்கும்; அவற்றில் சுமார் பாதி டி790எம் என்ற இன்னொரு பிறழ்வால் வருபவை. அதற்கென்றே வந்த ஓசிமெர்டினிப், இப்போது பலருக்கு முதல் மருந்தாகவே தரப்படுகிறது.

அப்புறம், பலர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் ஒரு விஷயம். அம்மாவுக்கு 'மரபணுக் கோளாறு' என்றதும், மகளுக்கு வரன் பார்க்கும் இடத்தில் சொல்வதா மறைப்பதா என்று வீடே தவிக்கிறது. இந்தப் பிறழ்வு அநேகமாக எப்போதும் கட்டியின் செல்களில் மட்டும், வாழ்நாளின் நடுவே ஏற்படுவது. பிள்ளைகளுக்குப் போகாது.

சவுக்கு விறகும் தென்னை மட்டையும் வைத்து எரிக்கும் அடுப்பின் புகையையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 'அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் ஒருவருடைய கட்டியைக் காட்டி, 'இது அடுப்புப் புகையால்தான் வந்தது' என்று சொல்லிவிட முடியாது.

சரி, பெண்களின் ஹார்மோனுக்கு இதில் பங்கு உண்டா? ஈஸ்ட்ரோஜன் என்ற அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பிப் புரதம் நுரையீரல் கட்டிகளிலும் இருக்கிறது, முக்கியமாக பீட்டா வகை. ஆண்களின் கட்டியும்கூட அரோமடேஸ் என்ற நொதியால் ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்துக்கொள்ளும். இந்த ஏற்பியும் இ.ஜி.எஃப்.ஆரும் ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன என்று ஆய்வகத்தில் கண்டார்கள். இரண்டையும் சேர்த்து அடக்கும் முயற்சி சோதனைகளில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அதனால் மார்பகப் புற்றுக்குத் தரும் ஹார்மோன் மாத்திரை நுரையீரல் புற்றுக்கு வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. நுரையீரல் கட்டியின் அறிக்கையில் ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி) என்று கண்டால், மார்பகத்திலிருந்து பரவிய கட்டியா என்று பார்க்கவே பெரும்பாலும் அதைச் சோதித்திருப்பார்கள். அதை மட்டும் வைத்து முடிவு கட்ட மாட்டார்கள், கட்டி நுரையீரலிலேயே தோன்றியதா என்று காட்ட உதவும் டி.டி.எஃப்.-1 போன்ற மற்றவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.